அம்மாவின் தரைக்கொடி

விமானங்கள் கடலை நோக்கி ஏறிப் போகும் அந்த மணல்மேட்டில் ஒரு காலத்தில் எங்கள் வீடு இருந்தது. இரைச்சல் தாங்காதென்று விமான நிலையத்தார் தெருவையே காலி செய்தார்கள். வீடுகள் போய்விட்டன. தார்ச்சாலையும் சில படிக்கட்டுகளும் மட்டும் பனிமூட்டத்துக்குள் எங்கோ போய்க்கொண்டிருக்கும். இப்போது அங்கே குடியிருப்பது எல் செகுண்டோ நீலம் என்னும் கட்டைவிரல் நகமளவு வண்ணத்துப்பூச்சி. இந்தக் கரையோரத்தை விட்டால் அதற்கு வேறு போக்கிடமில்லை.

அதற்காகச் சனிக்கிழமைகளில் தன்னார்வலர்களோடு நான் அங்கே களை பிடுங்கப் போவேன். ஜூலையில் ஒரு காலை வெர்னா அக்காவும் வந்தாள். வீடு போன பிறகு அதுவரை அவள் அங்கே கால் வைத்ததேயில்லை.

"சத்தம்னு நம்மளத் துரத்திட்டு, பூச்சியக் குடிவெச்சிருக்காங்க பாரு."

"பூச்சி புகார் குடுக்காதுல்லக்கா."

எங்கள் படிக்கட்டருகே தடித்த இலைகளோடு தரைக்கொடி பாய் விரித்தாற்போல் கிடந்தது. மணல் பறக்காமலிருக்க அம்மா நட்டது. அன்று அதைத்தான் பிடுங்க வேண்டும்.

"நம்ம வீட்டுல மிச்சம் இது ஒண்ணுதான்டி, கொலெட்."

"இது இருந்தா பூச்சிக்கு வேண்டிய காட்டுப்புதர் வளராதுக்கா. அந்தப் பூவுலதான் முட்டை போடும், புழுவுக்கும் அதுதான் சாப்பாடு."

அக்கா கொடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வேறு பக்கம் வேலையைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மெதுவாகக் கூப்பிட்டாள். கொடிக்கு நடுவே நெருக்குண்ட ஒரு புதர், ஒரே ஒரு வெளிறிய பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதில் ஒரு பூச்சி வயிற்றை வளைத்து முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

"நீலம்னு சொன்ன, இது பழுப்பா இருக்கே?"

"பொண்ணுக்கா. பளபளப்பெல்லாம் ஆம்பளைக்குத்தான்."

"அங்கயும் அப்படித்தானா."

தலைக்கு மேல் விமானம் போனது. தரை அதிர்ந்தது. பூச்சி அசையவில்லை, அக்காவும் அசையவில்லை.

"புழு அப்புறம் எங்க போகும்?"

"செடிக்கடியில, மணலுக்குள்ள கூட்டுப்புழுவாத் தூங்கும். அடுத்த கோடைக்குத்தான் எந்திரிக்கும்."

"நாம தூங்குன அறைடி இது."

கையுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புதரைச் சுற்றி, அதன் வேர் நோகாமல், கொடியைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கினாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"அம்மா பாத்தா திட்டுவா."

"திட்டிட்டு அவளும் வந்து பிடுங்குவா."

அடுத்த கோடையில் அந்தப் புதர் ஒரு முழ அகலத்துக்கு விரிந்து பூத்தது. அக்கா மடக்கு நாற்காலியோடு வந்தாள். பனி விலகியதும் பூவுக்குப் பூ நீலத் துணுக்குகள் எழுந்தன. மதியம்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.