கை நனைக்காதவர்கள்

“தண்ணி கூட வேணாமா?” என்று அவள் கேட்டாள், “வேணாம்னு யாரு சொன்னது, அது எங்க வீட்டுப் பழக்கம் ஜீவா” என்றான் நிரஞ்சன், “பழக்கம்னா?”, “வெளிய யார் வீட்டுலயும் கை நனைக்க மாட்டோம்”, “எங்கம்மா வீடு வெளியவா?”... அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்பது மட்டும் ஜீவராணிக்கு நினைவில் இல்லை, கல்யாணமாகி முதல் தடவை நோர்வூட்டுக்கு வந்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பும்போது காரில் பேசியது, மழை பெய்தது, வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது, அதெல்லாம் நினைவிருக்கிறது, பதில் மட்டும் இல்லை, ஒருவேளை அவன் பதிலே சொல்லாமல் இருந்திருக்கலாம், வழக்காடுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. இன்றைக்கும் அதே நோர்வூட்தான், ஆனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயம் இல்லை, அம்மாவுக்குக் கிடைத்த புது வீடு, இரு பக்கமும் ஒட்டிக்கொள்ள வேறு குடும்பத்தின் காம்பரா இல்லாத தனி வீடு, பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை, காலையில் பால் காய்ச்சியாயிற்று, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அழகம்மா கிளாஸில் பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருமகனுக்கும் கொடுத்தாள், கொடுத்துக் கொஞ்ச நேரமாகிறது, கிளாஸ் அவன் கையிலேயே இருக்கிறது. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், ஒரு வாய் குடிங்க, எனக்காக, அவ்வளவுதான், நாலு சொல்... அடுத்த மாதம் அவன் நீதவானாகப் பதவியேற்கிறான், அதற்குப் பிறகு கேட்டால் அவன் மறுப்பதில் நியாயம் இருக்கும், இப்போது இல்லை, இப்போது அவன் வெறும் சட்டத்தரணி, வெறும் மாப்பிள்ளை.

ஹட்டனில் அவர்கள் வீட்டைக் கோட்டு வீடு என்றுதான் சொல்வார்கள், உண்மையான கோர்ட்டைத் தேடி வரும் வெளியூர்க்காரர்கள் சில நேரம் வழி தவறி வந்து கேட்டில் நிற்பார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் முதல் ஆள், அவர் மகன் பெரக்கிராசி, அன்றைக்கு வக்கீலை அப்படித்தான் சொன்னார்கள், பேரன் நீதவான், பிறகு வரிசையாக வக்கீல்களும் நீதிபதிகளும், கூடத்துச் சுவரில் எல்லோரும் ஒரே மூக்கோடு சட்டத்துக்குள் இருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் அந்தச் சுவரைக் கடந்து குசினிக்குச் சமைக்கப் போகும்போதெல்லாம் அவள் சேலையைச் சரிசெய்துகொள்வாள், ஏதோ சாட்சிக் கூண்டில் ஏறப்போவது போல. ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், பரிசளிப்பு விழாவுக்கு வந்தவனைக் காதலித்தவள், தோட்டத்துப் பிள்ளை என்று அந்த வீட்டில் ஒருவரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும், மாமியார் தன் கையால் பரிமாறினார், மாமா “எங்க வீட்டுக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்துச்சும்மா” என்றார், நல்லவர்கள்... நல்லவர்களிடம் எதையும் கேட்பது எவ்வளவு கஷ்டம்.

மோர்க் கதையை மாமாதான் சொன்னார். அந்த முதல் நீதவான் ஒரு நாள் வெயிலில் குதிரையில் போகும்போது தோட்டத்து ஆட்களை மேய்க்கும் ஒரு கங்காணி வீட்டில் மோர் வாங்கிக் குடித்தாராம், மறுநாள் அதே கங்காணி, தோட்டத்தை விட்டு ஓடிப்போன ஒருவனைப் பிடித்து வந்து அவர் முன்னால் நிறுத்தினானாம், அன்றைக்கு ஓடிப்போவது குற்றம், அந்த ஓடிப்போனவன் கையைக் கட்டிக்கொண்டு, “நீங்க அவங்க வீட்டு மோரு குடிச்சவங்க, நான் ஒங்ககிட்ட என்னத்த சாமி சொல்றது” என்றானாம், அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் தங்கள் கோர்ட் எல்லைக்குள் எந்த வீட்டிலும் கை நனைப்பதில்லை. மாமா அதைச் சொல்லும்போது கண் கலங்குவார். அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று அவள் கேட்டாள், மாமா யோசித்தார், “அது தெரியலியேம்மா” என்றார், அத்தனை தலைமுறையில் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

லிந்துலையில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் நிரஞ்சன் தேத்தண்ணி குடித்தானே, கேக் கூடச் சாப்பிட்டானே... அன்று ராத்திரி அவள் கேட்டதற்கு, “லிந்துலை நம்ம கோட்டு எல்லைல இல்ல ஜீவா” என்றான், சிரிக்காமல் சொன்னான், அது உண்மையும்தான். அந்த எல்லை எங்கே முடிகிறது என்று அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பாள், ஒரு மதகா, ஒரு மரமா, தேயிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. பழக்கந்தானா, அல்லது வேறு ஏதாவதா, லயத்துக் கிளாஸ், லயத்துக் கை, லயத்துச் சாதி... இல்லை, அவன் அப்படி நினைக்கிறவன் இல்லை, அவனுக்கே தெரியாமல் நினைத்தால்? சட்டம் என்றால் வாதாடலாம், சாதி என்றால் சண்டை போடலாம், இரண்டும் ஒரே கிளாஸில் கலந்திருந்தால் என்ன செய்வது. அம்மா ஒரு தடவையும் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், ஜீவராணி முந்திக்கொள்வாள், “நாங்க இப்பத்தாம்மா குடிச்சிட்டு வாறோம்” என்பாள், அது பொய்யாகிவிடக் கூடாது என்று புறப்படும் முன்னால் இருவரும் வீட்டில் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள், கோட்டு வீட்டில் பொய் சொல்வதில்லை. அம்மா “சரி” என்று எடுத்துக்கொண்டு போவாள். அப்பா இறந்த அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை, மாப்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற யோசனை அன்று மட்டும்தான் அம்மாவுக்கு இல்லாமல் இருந்தது.

“ஐயா, பசும்பாலுங்க, லஞ்சப் பாலு இல்ல” என்கிறார் பக்கத்து வீட்டு வீரய்யா, முன்னறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நிரஞ்சனும் சிரிக்கிறான், “ஒங்களுக்கு வழக்கு ஒண்ணும் இல்லியே?” என்கிறான், “இருக்குங்களே, இந்த அழகம்மா கோழி என் மொளகாக் கன்னப் பூரா கெளறிப்புட்டுச்சு”, “கோழி கோர்ட்டுக்கு வருமா?”, “கொழம்பா வேணா வருங்க”, இன்னும் சிரிப்பு, “அப்ப வழக்கு இருக்கு, நான் குடிக்கப்படாது” என்று கிளாஸை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைக்கிறான், எவ்வளவு நேர்த்தியாக வைக்கிறான், யார் மனமும் நோகாமல், வீரய்யாவே தொடையில் தட்டிச் சிரிக்கிறார். அவளுக்குக் கோபம் வரவில்லை, வரும் என்று நினைத்தாள், தூரத்தில் யாருக்கோ நடப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அவன் பேசுகிறான், வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், கையெழுத்து, சர்வேயர், அவன் பொறுமையாகச் சொல்கிறான், அம்மா பேருக்கு உறுதி வாங்க மூன்று தடவை நுவரெலியாவுக்கு அலைந்தவன் அவன்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்... தரையில் இருக்கும் பாலில் ஆடை படிகிறது. இப்போது கேட்க வேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவனால் மறுக்க முடியாது, அப்படி வாங்குவது சரியா, தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம், தனியாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருந்துவிடுவான், இத்தனை வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த நாலு சொல், எழுந்தால் வந்துவிடும், அவள் எழுந்திருக்கப் போகிறாள், அதற்குள் அம்மா குசினியிலிருந்து வந்து அவள் பக்கத்தில் பாயில் உட்காருகிறாள், முழங்கால் வலியில் கையை ஊன்றி, மெதுவாக.

“மாப்ளையப் பாத்துக்கிட்டே இருக்க” என்கிறாள் அம்மா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “இல்லம்மா, நான் இப்ப சொல்றேன் அவருகிட்ட, குடிப்பாரு”, “அவர என்னத்துக்குப் புள்ள சொல்ற, அது அவுங்க வீட்டு வழம, பொறந்ததுலருந்து அப்புடி, நான் ஒண்ணும் வருத்தப்படல.” அம்மா நிரஞ்சனின் கிளாஸைப் பார்க்கவில்லை, அவன் இருக்கும் பக்கமே திரும்பவில்லை, ஜீவராணியின் மடியைப் பார்க்கிறாள், மடியில் அவள் இரண்டு கையாலும் பிடித்திருக்கும் கிளாஸை, அதை எப்போது வாங்கினாள், முதலில் அவளுக்குத்தான் கொடுத்தாள் அம்மா, சாமிக்கு வைத்த கையோடு, கிளாஸ் ஆறிப்போயிருக்கிறது, விளிம்பு வரை அப்படியே இருக்கிறது, அதிலும் ஆடை... நாங்க குடிச்சிட்டு வாறோம், நாங்க, நாங்க என்று எத்தனை வருடம்... அவளிடம் யாரும் சொல்லவில்லையே, மாமா சொல்லவில்லை, நிரஞ்சன் சொல்லவில்லை, அந்த வீட்டில் ஒருவரும் நீயும் குடிக்காதே என்று சொல்லவே இல்லையே.

“கேக்கணும் கேக்கணும்னுதான் இருந்தேன், வாய் வரல” என்கிறாள் அம்மா. “கட்டிக் குடுத்ததுலருந்து எங் கையால ஒரு வாய்த் தண்ணி நீ குடிக்கல ஜீவா. மாப்ளைகிட்ட கேக்க எனக்கு உரிம இல்ல. ஒங்கிட்ட கேக்குறேன், நீ குடிக்கிறியா?”