சம்பலின் முதல் ஓட்டம்

சம்பல் என்ற அந்த மூன்று வயதுப் பெண்குதிரை இதுவரை ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. ஒத்திகை ஓட்டம் இரண்டு ஓடியது, இரண்டிலும் கடைசி. ஆனாலும் அதன் உரிமையாளர்கள் மூவரும் அது ஜெயித்தே விட்டது போல மலேசியாவின் ஈப்போ பந்தயத் திடலுக்கு வந்திருந்தார்கள். லாரி ஓட்டும் மாயாண்டி முடி வெட்டி, மீசைக்கு மை அடித்து, ஒரு ரோஜா மாலையைப் பிளாஸ்டிக் பையில் ஒளித்து வைத்திருந்தார். குதிரையை வாங்க வைத்த லியோனார்டின் மனைவி ரோசரி, ஜெலாப்பாங்கில் இருக்கும் வீட்டுக்கு நாற்பது பேருக்குப் பிரியாணி சொல்லியிருந்தார். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பல் ஜெயிக்கும் என்று லியோனார்ட் சொன்னார், இவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

லியோனார்ட் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது இந்தத் திடலின் லாயத்துக்கு வேலைக்கு வந்தார். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஒரு குதிரை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, மனைவியையும் நண்பர் மாயாண்டியையும் பங்குக்கு இழுத்து, யாரும் சீந்தாத சம்பலை வாங்கினார். இன்றும் கடைசி என்றால் இதைச் சவாரிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு குதிரை வாங்க லியோனார்டுக்கு வயதும் இல்லை, வழியும் இல்லை.

“ஏண்ணே, உள்ளுக்குள்ள பயமா இல்லையா?” என்று மாயாண்டி கேட்டார்.

“எதுக்குப் பயம்? காலையில குளிக்கப் போறப்ப பாத்திருக்கியா? முன்னால எந்தக் குதிரை போனாலும் இதுக்குப் பொறுக்காது. இடிச்சுத் தள்ளிட்டு மொத ஆளாப் போய் தண்ணியில நிக்கும்.”

“ஒத்திகையில மட்டும் ஏன் பொறுத்துச்சாம்?”

“ரெண்டு தடவையும் மலைய வேடிக்கை பாத்துச்சு. இப்ப பாத்து முடிச்சிருச்சு லா.”

வாய்தான் இப்படிப் பேசியது. காலையிலிருந்து அவர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்பது ரோசரிக்குத் தெரியும்.

கேட் திறந்தது. பதினொரு குதிரைகள் பாய்ந்தன. சம்பல் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பியது. பின்வரிசையில் சிரித்தார்கள். மாயாண்டி பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். ரோசரி ஜெபமாலையை எடுத்தார். வளைவில், முன்னால் போனவை வாரியடித்த மண் சம்பலின் முகத்தில் பட்டது. அதன் காதுகள் பின்னால் மடங்கின.

“கோவம் வந்துருச்சு,” என்றார் லியோனார்ட் மெதுவாக.

வந்துதான் விட்டது. ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி ஐம்பது மீட்டரில் முன்னால் இருந்த ஒற்றைக் குதிரையையும் ஒரு தலை வித்தியாசத்தில் முந்தியது. சிரித்தவர்களே எழுந்து நின்று கத்தினார்கள். மாயாண்டி ஓடிப்போய் மாலையைப் போட்டார். சம்பல் அதில் பாதியைத் தின்றுவிட்டது.

ஜெயித்த குதிரையோடு உரிமையாளர்கள் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். லியோனார்ட்தான் கயிற்றைப் பிடித்துக் கூட்டி வந்தார். படக்காரர் கேமராவைத் தூக்கியதும், கயிற்றை மாயாண்டி கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென நடந்து வேலியோரமாகப் போய் நின்றுகொண்டார். “கயித்தக் கொஞ்சம் தூக்கிப் புடி, தலை நிமிந்து நிக்கும்,” என்றும் சொன்னார். இருபத்தெட்டு வருடமும் இதுதான் அவர் வேலை. குதிரை நிற்கும், முதலாளி நிற்பார், லியோனார்ட் படத்துக்கு வெளியே நிற்பார்.

“அங்க என்னங்க பண்றீங்க?” என்றார் ரோசரி.

“படம் எடுக்கறாங்கல்ல, ஒதுங்கி நிக்கிறேன்.”

“குதிரை யாரோடது?”

அறுபத்திரண்டு வயது மனிதர், அத்தனை பேர் பார்க்க, சந்தோஷம் தாங்காமல் அழுதார். ரோசரி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார். படக்காரர் சிரிக்கச் சொன்னார். சும்மா இருக்கும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், லியோனார்ட் அவற்றைச் சம்பலின் கழுத்தில் வைத்தார்.