நான்காவது தோள்

புனித வீத்தோவின் மரச் சுரூபத்தைக் கொண்டுபோகக் கீழூரிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் இறங்கிப் போய்விட்ட மலையூர் ரோக்காசெல்லாவில் மிஞ்சியிருந்தவர் எர்சீலியோ ஒருவர்தான்.

அவர் தேவாலய வாசலை மறித்து நின்றார். சுரூபத்தை நால்வர் தூக்க வேண்டும்; ஊர் எல்லைவரை அதில் ஒரு தோள் இந்த ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

"என் தோள் வராது. கெளம்புங்கப்பா."

"மாமா, இவரு கடைசியா தெருவுல பவனி வந்து எத்தனை வருசம் ஆச்சு?" என்று சுரூபத்தைக் காட்டிக் கேட்டான் வந்தவர்களில் ஒருவனான தூல்லியோ.

"ஆறு."

"கீழ வருசா வருசம் பவனி, பேண்டு வாத்தியம், சுட்ட பன்னிக்கறி. இங்க ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. புனிதர்னாலும் பொறுமைக்கு ஒரு அளவு வேணாமா?"

எர்சீலியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. வாசலைவிட்டு விலகினார். குனிந்து தோள் கொடுத்தார்.

ஊரைவிட்டுப் போகும் புனிதர் ஊருக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால் வீத்தோவின் முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பியே சுமந்தார்கள். எல்லைச் சிலுவையருகே காத்திருந்த கீழூர்க்காரன் ஒருவன் எர்சீலியோவின் இடத்தில் தோள் கொடுத்தான்.

"நீங்களும் வாங்க மாமா."

"கோழிய அடைக்கணும்."

வளைவில் மறையும்வரை வீத்தோ ஊரைப் பார்த்தபடியே போனார். அந்த ஊராக எர்சீலியோ மட்டும் நின்றிருந்தார்.