ஒரே அச்சுப் பூக்கள்

மேசை விரிப்பு தைக்கும் கடையில் வேலை பார்த்த அக்காவுக்கு விரலில் ஊசி குத்தினால், துணியில் விழும் ரத்தம் பூவாக விரியும். சொட்டாகத்தான் விழும், காய்வதற்குள் ஐந்தாறு இதழாகப் பிரிந்துவிடும், அவ்வளவுதான். முதலாளியம்மா முதலில் திட்டினாள். அந்த விரிப்பையே ஒருவர் கேட்டு வாங்கிப் போனதும் வாயை மூடிக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் பூக்களின் ஓரத்தை அட்டையில் வரைந்து வெட்டிச் சுவரில் மாட்டினார். தையல்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் டிசைன்தான். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து மிஷினில் இருந்த தங்கை மட்டும் அந்தப் பூக்கள் கண்ணில் படாதபடி துணியை மடித்து வைப்பாள்.

தொடக்கத்தில் எப்போதாவது ஒரு சொட்டுதான் பூத்தது. வருஷங்கள் போகப் போகப் பூக்காத சொட்டே அபூர்வமாயிற்று. தங்கை மாசமாக இருந்த சமயத்தில் மாஸ்டர் புதுப் பூ ஒன்றின் மேல் போன மாதத்து அட்டையை வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த பூவும் பொருந்தியது, அதற்கடுத்ததும்.

"முன்னெல்லாம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதும்மா. இப்ப எல்லாம் ஒரே அச்சு. எவனோ உள்ள உக்காந்து நகல் எடுக்கிறான்."

"அப்ப அவனுக்கும் சேத்து சம்பளம் போடச் சொல்லுங்க மாஸ்டர்" என்று அக்கா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அவள் கழுத்தில் கோலிக்குண்டு போலக் கட்டிகள் புடைத்திருப்பதைத் தங்கை அப்போதுதான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் ரத்தத்தில் டாக்டரம்மா மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்ததும் அதே பூக்களைத்தான்; வெள்ளை அணுக்களே இதழ் இதழாகப் பிரிந்திருந்தன. கைக்குழந்தையில் தாய்ப்பாலோடு வந்த வைரஸ், வெள்ளை அணுக்களுக்குள் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்து, தான் இருக்கும் அணுக்களைச் சாகவிடாமல் பெருக்கியிருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு அணுவின் வம்சம் மற்றதையெல்லாம் ஓரங்கட்டி ரத்தப் புற்றாகிவிட்டது என்றாள். பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசு முழுக்க வாயே திறக்காதாம்.

"நானும் அதே அம்மாகிட்டதான் பால் குடிச்சேன்" என்றாள் தங்கை.

டாக்டரம்மா ஊசியை எடுத்து அவள் விரலில் குத்தினாள். பஞ்சில் விழுந்த சொட்டு வெகுநேரம் உருண்டையாகவே இருந்தது. தங்கை மூச்சை விடும் நேரத்தில் அதன் ஓரத்தில் ஒற்றை இதழ் பிரிந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு அவள் பால் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஒரு வாய் குடித்தால்கூடவா ஆகாது என்று மருந்து ஏறிக்கொண்டிருந்த அக்காவின் கட்டிலோரம் நின்று தங்கை புலம்பினாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அம்மா தெரியாம குடுத்தா. நீ தெரிஞ்சே குடுக்காதடி."

குழந்தை பிறந்தபோது அதைப் பார்க்க அக்கா உயிரோடு இல்லை. அது பசித்து அழுதபோதெல்லாம் தங்கைக்கு மார்பு கட்டி, பால் சட்டையை நனைத்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புட்டிப்பாலைப் புகட்டினாள். பிறகு சட்டையை அலசி, இதழ்கள் மிதக்கும் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றினாள். வேலைக்குப் போகிறவர்கள், சாக்கடையோரம் சிந்திச் செருப்பில் ஒட்டிய இதழ்களைப் படிக்கட்டில் தேய்த்துவிட்டு நடந்தார்கள்.