மலை தெரிகிறது

மலை தெரிகிறது என்று ஒலிங்கா ரேடியோவில் சொன்னது பொய் என்று, ஆற்றின் கடைசி வளைவைத் தாண்டியதுமே தபால் விமானம் ஓட்டிய அனுஸ்காவுக்குத் தெரிந்துவிட்டது. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் அழுக்குக் கம்பளிபோலத் தரைவரை தொங்கியது. காற்று விமானத்தின் விலாவில் அறைந்தது. பின்னால் தபால் மூட்டைகள் எகிறி விழுந்தன. வடகோடிப் பனிநாட்டின் குஸ்கோக்விம் ஆற்றோரக் கிராமங்களில் வானிலை பார்த்துச் சொல்வது விமானத்திலிருந்து மூட்டை இறக்கும் ஏஜென்ட்தான். வாசலில் நின்று பார்ப்பார்கள். எண்ணெய்த் தொட்டி தெரிகிறது, சர்ச் சிலுவை தெரிகிறது, மலை தெரிகிறது. மலை தெரிந்தால் வரலாம். இத்தனை வருஷத்தில் இந்த ஊர் ஏஜென்ட் ஒலிங்கா தெரியாத ஒன்றைத் தெரிகிறது என்று சொன்னதே இல்லை.

இடது சக்கரம் முதலில் சரளையைத் தொட்டது. வலது சக்கரம் இறங்க மறுத்து அலைந்து, பிறகு பல் கிட்டிக்கும்படி மோதி நின்றது. அனுஸ்கா என்ஜினை அணைக்காமல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். நாலு சக்கர பைக்கில், பின்னால் ஒரு இழுவண்டியை இழுத்துக்கொண்டு, ஒலிங்கா வந்துகொண்டிருந்தாள்.

“மலை எங்க சித்தி?”

“அங்கதான் இருக்கு. அது எங்க போயிடப் போகுது?”

“என்னைக் கொல்லப் பாத்தியா?”

ஒலிங்கா இழுவண்டியிலிருந்த தார்ப்பாயை விலக்கினாள். அவள் மகள் லூசி குறுகிப் படுத்திருந்தாள். முகம் என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது, நெற்றி புடைத்து இறங்கியிருந்தது, மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. இடது கையை ஒரு விறகுத் துண்டோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள்.

“மலை தெரியலைன்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா? டவுன் போலீஸ்காரன்கிட்டயும் தெரியுதுன்னுதான் சொன்னேன். அவன் நம்பல, வரல. நீ நம்பின.” ஒலிங்கா மகளின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். “சீக்கிரம். ஈவொன் முழிச்சிட்டான்.”

லூசியை முன் இருக்கையில் திணித்துப் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போதே அடுத்த பைக்கின் உறுமல் கேட்டது. ஈவொன் ஓடுபாதையின் நடுவில், சட்டையில்லாத உடம்போடு, துப்பாக்கியைக் கைப்பிடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தான். “இறங்குடி! எம் பொண்டாட்டிய எங்கடி கொண்டுபோற?” எந்த ‘டி’ யாருக்கு என்று புரியவில்லை. அனுஸ்கா விசையை முழுக்கத் தள்ளினாள். விமானம் அவனை நோக்கியே ஓடியது. வேறு திசையில் பாதை இல்லை. அவன் ஒதுங்கப்போவதில்லை என்று தெரிந்த கணத்தில் ஒலிங்காவின் பைக் பக்கவாட்டிலிருந்து வந்து அவன்மேல் ஏறியது. இழுவண்டி ஆகாயத்தில் புரண்டது. விமானத்தின் சக்கரங்கள் அதற்கு மேலாகத் தூக்கிக்கொண்டன. திரும்பிப் பார்த்தபோது துப்பாக்கி ஒரு பக்கம் கிடந்தது. ஒலிங்கா எழுந்து, அதை எட்டி உதைத்து ஓடைக்குள் தள்ளினாள். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பிறகு பனி எல்லாவற்றையும் மூடியது.

கடலிலிருந்து பனிப் பொழிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரிய தூண்கள்போல வந்துகொண்டிருந்தன. தூணுக்குள் நுழையக் கூடாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் வெளிச்சம் இருக்கும், அதைப் பிடித்துப் போக வேண்டும். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆறுதான் வழி; அதன் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிகிறவரை போகலாம். தெரியாவிட்டால், பின்னால் இருக்கும் வழி மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அனுஸ்கா தாழப் பறந்தாள். கீழே வில்லோப் புதர்கள் தரையோடு படுத்துக் கிடந்தன. ஒருமுறை விமானம் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்தது. அவள் தலை கூரையில் இடித்து, வாயில் இரத்தம் கரித்தது. லூசியிடமிருந்து சத்தம் வரவில்லை. அடி வாங்கும்போது சத்தம் போடாமல் இருக்கப் பழகியவள்போல.

இப்படிச் சுற்றிப் போவதை அனுஸ்கா விமானத்தில் கற்றுக்கொள்ளவில்லை. புருஷன் யாகோவோடு வாழ்ந்த வருஷங்களில் கற்றது அது. படியில் பூட்ஸ் விழும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி என்று சொல்லிவிடுவாள். எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எந்தக் கதவருகில் உட்கார வேண்டும், எப்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கெட்டிக்காரி என்று அவன் தங்கையே சொல்லியிருக்கிறாள். அந்தப் பாராட்டில் அனுஸ்கா கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறாள் என்பதுதான் இன்றைக்கும் உடம்பைக் கூசவைக்கிறது. வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தாளே தவிர, ஒருநாளும் அவள் எங்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஆற்றுப் பனி உடைந்து யாகோவைக் கொண்டுபோனது. அவளாக விட்டு வந்தாள் என்று சொல்ல முடியாது.

“திருப்பிடுங்கக்கா,” என்றாள் லூசி. காதில் மாட்டியிருந்த கருவியில் அது கரகரத்தது. “சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடுவான். தெளிஞ்சா அழுவான். அழும்போது அடிக்க மாட்டான்.”

“தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அழுறதுல எம் புருஷன் இவனுக்கெல்லாம் வாத்தியார்.”

லூசியின் தொண்டையில் ஏதோ புரண்டது. சிரிப்பாகவும் இருக்கலாம். உடனே வலியில் முனகினாள்.

இறக்கையைத் தாங்கும் கம்பியில் உறைபனி விரல் பருமனுக்குப் பிடித்திருந்தது. விமானம் கனத்தது. விசையை முழுக்கத் தள்ளியும் உயரம் கசிந்துகொண்டே இருந்தது. முன்னாலிருந்த வெளிச்ச இடுக்கு, யாரோ கதவைச் சாத்துவதுபோல் மூடியது. அடுத்த வளைவு இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. பின்னால் இன்னும் வெளுப்பாக இருந்தது. திரும்பினால் கிளம்பிய ஊரான கயாலிக் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வேறு எந்தப் பயணியை ஏற்றியிருந்தாலும் அனுஸ்கா இந்நேரம் திரும்பியிருப்பாள். இப்படித் திரும்பித்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறாள்.

கீழே ஆற்றின் நடுவில் ஒரு சரளைத் திட்டு தெரிந்தது. குட்டையானது. காற்றுக்கு எதிராக இறக்கினால் நிற்கும். ஆனால் நின்ற பிறகு அதே காற்று விமானத்தைப் புரட்டிப் போடலாம்.

“லூசி, கேளு. முன்னால வழி இல்ல. திரும்பினா உங்க ஊரு. இல்லேன்னா கீழ அந்தத் திட்டு. அங்க இறங்கினா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. ஊருக்குத் திருப்பவா?”

அனுஸ்கா திரும்பி லூசியைப் பார்த்தாள். இந்த ஆற்றோர ஊர்களில் ஆமாம் என்பதற்குப் புருவத்தைத் தூக்கினால் போதும், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்கினால் போதும். பிறந்த குழந்தைகூட அப்படித்தான் பேசும். லூசியின் முகத்தில் தூக்குவதற்குப் புருவம் இல்லை, சுருக்குவதற்கு மூக்கு இல்லை. வீங்கிய தோலுக்கடியில் ஏதோ அசைந்து, வலித்து, நின்றது. ஈவொன் எத்தனையோ தடவை கேள்வி கேட்டு, இந்த முகத்தில் தனக்கு வேண்டிய பதிலைப் படித்திருப்பான்.

“எனக்குப் புரியலம்மா. வாயால சொல்லு.”

காற்று இறக்கையைத் தூக்கி எறிந்தது. அனுஸ்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நேராக்கினாள். பின்னால் இருந்த வெளுப்பு சுருங்கத் தொடங்கியது.

“வேணாம்,” என்றாள் லூசி. கிழிந்த உதட்டில் இரத்தம் கொப்பளித்தது. இன்னும் உரக்க, இந்தக் காற்றுக்கே கேட்கும்படி, “ஊருக்கு வேணாம்! கீழ போடுங்க!”

அனுஸ்கா விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்தாள். உறைபனியின் கனத்தில் விமானம் இறங்கவில்லை, விழுந்தது. முதல் மோதலில் முன்சக்கரம் முனகியது. இரண்டாவதில் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. சரளை விமானத்தின் வயிற்றில் ஆலங்கட்டிபோல அடித்தது. நின்றபோது எதிரே தண்ணீர் இரண்டாள் நீளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற மறுநொடி வலது இறக்கை மேலெழத் தொடங்கியது.

“என்ஜின விட்டு நான் எழுந்திருக்க முடியாது. மூக்கைக் காத்துக்கு நேரா பிடிச்சிருக்கணும். உன் கனம் அந்த ரெக்கையில வேணும். முடியுமா?”

லூசி பெல்ட்டை அவிழ்த்தாள். கதவைக் காற்று பிடுங்கி விரித்தது. அவள் தரையில் விழுந்து, முழங்காலால் நகர்ந்து, பின்னால் சுற்றிப் போய், உறைபனி படர்ந்த கம்பியை நல்ல கையால் வளைத்துப் பிடித்தாள். காற்று இறக்கையைத் தூக்கியது. அவள் கால்கள் சரளையைவிட்டு எழும்பின. கத்தினாள். என்ன கத்தினாள் என்பது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. யாரையோ திட்டுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. கீழே விழுந்தாள். மறுபடி எழும்பினாள். விறகோடு கட்டிய கையும் இப்போது கம்பியைச் சுற்றிக்கொண்டது. அவள் முதுகில் பனி அப்பிக்கொண்டே போனது. விரிசல் விட்ட கண்ணாடி வழியே அனுஸ்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைக் குவியல் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்து, தொங்கி, சரளையில் மோதி, பிடியை விடாமல் மறுபடி உயர்ந்தது.