இடது தோள் துப்பாக்கி

பள்ளிப் பேருந்து ஓட்டும் செல்வின் பெப், இங்கிலாந்தின் லட்லோ ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பத்து வருடமாகச் சுட்டுவந்தார். பெரும்பாலும் காற்றைத்தான். அந்தக் கதைகளை ஊர்ப் பப்பில் சொல்லியே பியரை ஓசியில் குடித்துவந்தார் அவருடைய மச்சான் ஆப்ரி.

அந்தக் கோடையில் செல்வினின் பழைய துப்பாக்கி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மனைவி க்வென்டா எழுநூறு பவுண்டு ஒதுக்கினாள். "அதுக்கு மேல ஒரு பென்னி கிடையாது. வீட்டு பாய்லர் வேற இருமிக்கிட்டு இருக்கு" என்றாள்.

ஹெட்டி அம்மாளின் துப்பாக்கிக் கடைக்கு ஆலோசகராக ஆப்ரியும் கிளம்பி வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் கை, கவுதாரி உருவம் செதுக்கிய ஒரு பளபளப்பான இரட்டைக் குழல் துப்பாக்கிக்குப் போயிற்று.

"இதைப் பாருங்க மாப்பிள்ளை. இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னாலே போதும், பறவை மரியாதையா வந்து விழும்."

செல்வின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதை வாங்கினா நான்தான் விழணும், உங்க தங்கச்சி கையால."

ஹெட்டி அம்மாள் குறுக்கே வந்தார். "உங்களுக்கு எதுக்குங்க வேணும்? தட்டு சுடவா, பறவை சுடவா?"

"ரெண்டுக்கும்தான். கோடையில கிளப்புல பறக்கவிடுற களிமண் தட்டு, குளிர்காலத்துல ஃபெசன்ட் கோழி."

"தட்டுக்குக் கனமா இருந்தாத்தான் தோள்ல உதைக்காது. கோழிக்கு லேசா இருந்தாத்தான் நாள் முழுக்கத் தூக்கிட்டு நடக்கலாம். ரெண்டும் ஒண்ணுலயே வேணும்னா கல்யாணம் மாதிரிதான், அங்கயும் இங்கயும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். சரி, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு என் மூக்கை விரலால காட்டுங்க."

செல்வின் காட்டினார். அந்த அம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலுக்குப் பின்னால் பார்த்தார். விரலுக்கு நேர்பின்னே இருந்தது செல்வினின் இடது கண்.

"எந்தத் தோள்ல வச்சுச் சுடுறீங்க?"

"வலதுலதான்."

"அதான். தோளு ஒரு பக்கம், குறி பார்க்கிற கண்ணு இன்னொரு பக்கம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி."

உள்ளே போய், வார்னிஷ் உரிந்த, ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் வைத்த ஒரு துப்பாக்கியை எடுத்துவந்தார். இடது தோளுக்கென்றே பின்கட்டையை வளைத்தது, நடுத்தரக் கனம். கேட்பாரில்லாமல் கிடந்ததால் விலை ஐந்நூற்றைம்பதுதான்.

"படகுத் துடுப்பு மாதிரி இருக்கு" என்றார் ஆப்ரி.

கடைக்குப் பின்னாலிருந்த திடலில் ஹெட்டி அம்மாள் தட்டுகளைப் பறக்கவிட்டார். பழகாத தோளில் துப்பாக்கி முரண்டு பிடித்தது. முதல் சில தட்டுகள் பத்திரமாகத் தரை இறங்கின. அடுத்தது நடுவானில் பொடிப்பொடியாகச் சிதறியது. யார் சுட்டது என்று செல்வின் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கி செல்வினோடு வீட்டுக்கு வந்தது.

நவம்பரில் வேட்டை கூடிற்று. சுடுபவர்களின் வரிசையில் அடுத்தடுத்து நின்றார்கள் மச்சானும் மாப்பிள்ளையும். உயரத்தில் ஒரு சேவல் ஃபெசன்ட் வந்தது. செல்வின் சுட்டார். அது நேரே வந்து ஆப்ரியின் தொப்பியில் விழ, தொப்பியும் ஆப்ரியும் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

"இது நான் சுட்டது" என்றார் ஆப்ரி, உட்கார்ந்தபடியே.

"அப்படியா மச்சான்? துப்பாக்கியைத் திறந்து காட்டுங்க, பார்ப்போம்."

ஆப்ரி திறந்தார். உள்ளே தோட்டா போடவே மறந்திருந்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அன்று மாலை பப்பில் ஆப்ரி முதல் முறையாகக் காசு கொடுத்துக் குடித்தார்.

செல்வின் ஆறு கோழிகளை இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறை மேசையில் வரிசையாகப் பரப்பினார். க்வென்டா கோழிகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இத்தனைக்கும் இறகு பிடுங்கப்போறது யாருங்க?"

செல்வின் அதை யோசித்திருக்கவில்லை.

"இத்தனை வருஷம் நிம்மதியா இருந்தேன்" என்றாள் க்வென்டா, ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டியபடி. "அந்தப் பழைய துப்பாக்கிக்கு அப்படி என்னதான் குறை?"