சுதாஜினிக்குப் போட்ட சோறு

பள்ளிக்கூடக் குசினியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. புகையில் கண் எரிய, அமராவதி விறகைப் பின்னுக்கு இழுத்தாள். பிள்ளைகளின் சாப்பாட்டைப் பெற்றோர் முறை வைத்துச் சமைத்துக் கொடுக்க வேண்டும்; இன்று அவளுடைய முறை. நேற்று முழுக்கக் குனிந்து கச்சான் கடலை பிடுங்கிய இடுப்பு இன்னும் நிமிர மாட்டேன் என்றது. ஆனாலும் சம்பலைத் தானே இடித்து, தேசிக்காயைக் கொஞ்சம் தாராளமாகவே பிழிந்திருந்தாள். மகளின் வகுப்பும் அல்லவா சாப்பிடப் போகிறது.

மகள் சுமித்திராவோ வர வேண்டாம் என்றாள். "வேற யாரையாச்சும் போகச் சொல்லுங்கம்மா" என்று எழும்பியதிலிருந்து கெஞ்சினாள். பழஞ்சேலையைப் பார்த்து வெட்கப்படுகிறாளாக்கும் என்று அமராவதி நினைத்தாள். பதின்மூன்று வயது, வெட்கம் வருகிற வயதுதான். இந்தப் பள்ளித் தவணை தொடங்கியதிலிருந்தே பிள்ளை சரியில்லை. காலையானால் வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் பூச்சிக்குளிசை கொடுத்தார்கள். கோயில் பூசாரியார் திருநீறு போட்டு நூல் கட்டிவிட்டார். இரண்டுக்கும் வலி அசையவில்லை. சனி ஞாயிறில் மட்டும் அந்த வலி ஏன் லீவு எடுக்கிறது என்று யோசிக்க அமராவதிக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

மணி அடித்து, எட்டாம் வகுப்பு தட்டுகளோடு வரிசையில் வந்தது. முன்னால் நின்ற கிருசாந்தி சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு அமராவதியைப் பார்த்தாள்.

"இண்டைக்குத் தோட்டக்காட்டுச் சமையலடி. எனக்கு வேண்டாம்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. இன்னும் சிலர் அவளோடு விலகிப் போனார்கள்.

அமராவதியின் அகப்பை அப்படியே நின்றது. அவளுடைய அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் துணுக்காய்க்கு வந்தபோது அவள் பிறக்கவே இல்லை. தேயிலைச் செடியை ஒரே ஒரு தடவை பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கிணற்றடியிலும் வயலிலும் கேட்டுக் கேட்டு மரத்துப்போன அந்த வசைச்சொல், தன்னோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். குசினி மூலையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் திடுக்கிடலே இல்லை. தினமும் கேட்கிற சொல்லுக்கு யார் திடுக்கிடுவார்கள்? வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்று அமராவதிக்கு இப்போது விளங்கியது. அழவேண்டும் போல் இருந்தது.

அடுத்து நின்றவள் சுதாஜினி. சுமித்திராவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. தினமும் சுமித்திராவின் சைக்கிள் கரியரில்தான் பள்ளிக்கூடம் வருவாள். அமராவதி குழைத்துக் கொடுத்த சோற்றை எத்தனையோ நாள் வாங்கிச் சாப்பிட்டவள். சுமித்திரா அவளுடைய தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுதாஜினி கிருசாந்தி போன பக்கம் பார்த்தாள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கேல்லை."

அதுவரை கல்லாக நின்ற சுமித்திராவுக்கு அப்போதுதான் உதடு துடித்தது.

எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனபின், குசினியின் பின்வாசலில் நிழல் தட்டியது. சுதாஜினிதான்.

"அன்ரி, கொஞ்சம் சோறு தாங்கோவன். காலமையும் சாப்பிடேல்லை. கிருசாந்திக்குத் தெரிஞ்சால் என்னையும் சேர்க்க மாட்டாள்."

அமராவதிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பசி என்று நிற்கிற பிள்ளையிடம் அதை எப்படிக் காட்டுவது? தட்டை வாங்கிச் சோற்றைப் போட்டாள். மூலையில் நின்ற சுமித்திரா வந்து அந்தத் தட்டை எடுத்தாள். பருப்பு விட்டாள். இன்னும் ஒரு கரண்டி சம்பல் வைத்தாள். முன்வாசலால் இறங்கி, வேப்பமரத்தடி வாங்குப் பலகையில், கிருசாந்திக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"பசிச்சால் அங்கை இருந்து சாப்பிடு. ஒளிச்சுத்தான் சாப்பிடுவியெண்டால் நாளைக்கு என்ரை சைக்கிளிலை ஏறாதை."

சுதாஜினி முன்வாசல் வரை போனாள். படியில் ஒரு காலை வைத்தாள். வாங்கிலிருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கி, தத்தித் தத்தித் தட்டுக்குக் கிட்டே வந்தது.

அதைக் கலைக்க அமராவதி கையைத் தூக்கினாள். சுமித்திரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா. அவ கலைக்கட்டும்."

காகம் தட்டின் விளிம்பில் ஏறியது.